டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டுவது: பழைய அம்பாசடரின் ஒயரிங்

டைனமோவோடு வந்த பழைய அம்பாசடருக்கு ஆல்டர்னேட்டர் மாட்டும்போது மின்சார வேலை மூன்று ஒயர்களில் அடங்கிவிடும். பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயர் ஒன்று, டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஒன்று, எல்லோரும் மறந்துவிடும் எர்த் ஒயர் ஒன்று. பிராக்கெட், புல்லி, பெல்ட் இவையெல்லாம் லேத் பட்டறையில் தீர்ந்துவிடும் சமாச்சாரம். மாற்றிய வண்டி நடுவழியில் நிற்பதும், பானட்டுக்குள் ரப்பர் தீயும் வாசனை வருவதும் அநேகமாக அந்த மூன்றில் ஏதாவது ஒன்றை ஏனோதானோவென்று விட்டதால்தான்.

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கி 2014 வரை விடாமல் செய்தது. நெடுங்காலம் அதில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. இன்ஜினோடு லூகாஸ் நிறுவனத்தின் மின்சார ஏற்பாடும் அப்படியே கப்பலேறி வந்தது. அந்தக் காலத்து பி.எம்.சி. கார்களில் இருந்த லூகாஸ் டைனமோக்களில் சி39 என்ற மாடல் 19 ஆம்பியரும், அடுத்து வந்த சி40 22 ஆம்பியரும் கொடுக்கும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டும்.

அந்த 22 ஆம்பியர் அன்றைக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து ஏழரை ஆம்பியர், இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர், வைப்பருக்கும் பின் விளக்குகளுக்கும் இன்னும் ஒரு நான்கு என்று கணக்குப் பார்த்தாலும் பதினாறுக்குள் அடங்கும். கஷ்டம் ஐடிலில்தான். டிராஃபிக் சிக்னலில் நிற்கும் வண்டியின் டைனமோ ஒன்றும் கொடுக்காது. அவ்வளவு சுமையும் பேட்டரியின் தலையில் விழும். பிறகு ஹாலஜன் பல்பு, மியூசிக் சிஸ்டம், ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி, சிலர் வீட்டு வண்டிகளில் ஏ.சி. என்று ஒவ்வொன்றாக ஏறியபோது டைனமோவால் ஈடுகொடுக்க முடியவில்லை. மழைக்கால இரவில் வைப்பரும் லைட்டும் போட்டு நகரத்துக்குள் ஊர்ந்தால், மறுநாள் காலை வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

ஏன் ஐடிலில் கொடுப்பதில்லை என்பது டைனமோவின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அதில் காந்தப்புலம் வெளிச்சுற்றில் நிலையாக நிற்கிறது. கரண்ட் உற்பத்தியாகும் ஆர்மெச்சர் உள்ளே சுழல்கிறது. உற்பத்தியாகும் முழுக் கரண்டும் கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளையும் கார்பன் பிரஷ்களையும் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். அந்தக் கம்யூட்டேட்டர் அதிகச் சுழற்சியைத் தாங்காது என்பதால் பெரிய புல்லி போட்டு மெதுவாகச் சுற்ற வைக்கிறார்கள். இன்ஜின் முழு வேகத்தில் ஓடினாலும் டைனமோ பிழைத்திருக்க வேண்டுமே! அதற்குக் கொடுக்கும் விலைதான் ஐடிலில் கை விரிப்பது.

ஆல்டர்னேட்டரில் இந்த ஏற்பாடு தலைகீழ். உள்ளே சுழல்வது ரோட்டர் எனும் மின்காந்தம். அதற்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும். வழவழப்பான ஸ்லிப் ரிங் வழியாக அது போய்விடும். பெரிய கரண்ட் பிறப்பது வெளியே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில். அங்கே மூன்று ஃபேஸ் ஏ.சி.யாகப் பிறப்பதை ஆறு டயோடுகள் டி.சி.யாக மாற்றித் தருகின்றன. ஏ.சி. உற்பத்தி புதிய சங்கதி அல்ல. மலிவான சிலிக்கான் டயோடு வரும்வரை அதைக் காருக்குள் கொண்டுவர வழியில்லாமல் இருந்தது. 1960இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான பாகமாகவே கொடுத்தது. பிரிட்டிஷ் கார்கள் சில வருஷம் பின்தங்கின. அம்பாசடரின் இன்ஜினுக்கு அண்ணன் முறையான இன்ஜினைக் கொண்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கு 1967இல்தான் ஆல்டர்னேட்டர் வந்தது.

டயோடு ஒரு திசையில்தான் கரண்டை விடும் என்பதால் இன்னொரு வசதியும் கூடவே கிடைக்கிறது. டைனமோ நின்றவுடன் பேட்டரி கரண்ட் திரும்பி ஓடி டைனமோவை எரித்துவிடாமல் தடுக்கத்தான் பழைய வண்டியில் கட்-அவுட் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு அந்தக் காவல் தேவையில்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே, தீப்பெட்டி அளவில் இருக்கும். ஆக, ஃபயர்வால் பக்கம் மாட்டியிருக்கும் கறுப்புப் பெட்டிக்கு, நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் மொத்தமாகக் கட்-அவுட் என்று சொல்லும் அந்தக் கன்ட்ரோல் பாக்ஸுக்கு, இனி வேலை இல்லை. வேலை இல்லாத பெட்டியை அப்படியே இணைப்பில் விட்டுவைப்பதுதான் இந்த மாற்றத்தில் நடக்கும் முதல் பெரிய தப்பு. அதற்குப் பிறகு வருவோம்.

மாற்றுவதற்கு முன் டைனமோ உண்மையிலேயே குற்றவாளிதானா என்று பார்த்துவிடுவது நல்லது. தளர்ந்த பெல்ட், பச்சை பூத்த பேட்டரி டெர்மினல், தேய்ந்துபோன பிரஷ் ஆகிய மூன்றும் சில நூறு ரூபாயில் சரியாகிற கோளாறுகள். அசல் நிலையில் வைத்துப் பேரணிகளுக்கு எடுத்துச் செல்கிற வண்டிக்கு டைனமோவே அழகு. பகலில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அது போதவும் போதும். தினமும் இரவிலும் ஓடவேண்டிய வண்டிக்குத்தான் ஆல்டர்னேட்டர் அவசியம்.

எந்த ஆல்டர்னேட்டர்? சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையின் தயவால் தமிழ்நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. ஏ115 போன்ற அதன் பழைய வரிசைகளிலும், இங்கிலாந்து லூகாஸின் ஏ.சி.ஆர். வரிசையிலும் 36 முதல் 45 ஆம்பியர் வரை கொடுப்பவை உண்டு. அம்பாசடருக்கு அது தாராளம். பழைய இரும்புக் கடையில் 80, 90 ஆம்பியர் யூனிட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டுவது வீண் வேலை. 36 ஆம்பியரை 14 வோல்ட்டில் கொடுத்தாலே 500 வாட்டைத் தொடுகிறது. ஆல்டர்னேட்டரின் திறன் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதால் பெல்ட் ஏறத்தாழ ஒரு கிலோவாட்டை இழுக்க வேண்டும். ஒற்றை வி-பெல்ட்டும் அறுபது வருஷத்துக்கு முந்தைய வடிவ வாட்டர் பம்ப் பேரிங்கும் இருக்கும் இன்ஜினில் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

அடுத்தது எர்த். பழைய பிரிட்டிஷ் வடிவக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்று கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்கானவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை மாட்டிய கணமே டயோடுகள் நேர்த் திசையில் பேட்டரிக்குக் குறுக்கே உட்கார்ந்துவிடும். ஒரு நொடிகூட ஆகாது, வெந்துபோகும். எனவே ஸ்பேனரைத் தொடும் முன்பே பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி எத்தனையோ கை மாறி வந்திருக்கும், யாராவது முன்பே மாற்றியிருக்கலாம். மாடல் வருஷத்தை நம்பி முடிவுசெய்ய முடியாது.

பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த் ஆக்குவது பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்பி வைத்து கிளாம்புகளை மாற்ற வேண்டும். பாசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடச் சற்றுப் பருமன் என்பதால் பழைய கிளாம்பை அடித்து நுழைக்காமல் புதிது போடுவது உத்தமம். இக்னிஷன் காயிலில் இருக்கும் இரண்டு மெல்லிய ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்கில் பொறி தவறான திசையில் பாயும், வண்டி ஓடும், ஆனால் இழுவை குறையும். செல்ஃப் மோட்டார் எந்தப் பக்கம் கரண்ட் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும், அதைத் தொட வேண்டாம். பல்பு, ஹாரன் இரண்டுக்கும் திசை கிடையாது. பழைய ரேடியோவை மட்டும் மறக்காமல் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இனி கன்ட்ரோல் பாக்ஸ். லூகாஸ் ஆர்.பி.106 வகைப் பெட்டியின் அடியில் ஏ, ஏ1, எஃப், டி, இ என்று ஐந்து முனைகள் இருக்கும். ஏ பேட்டரிக்குப் போகிறது. ஏ1 லைட், இக்னிஷன் சுமைகளுக்குப் போகிறது. டி முனைக்கு டைனமோவின் பெரிய முனையிலிருந்து ஒரு தடித்த ஒயரும், சார்ஜ் விளக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயரும் வருகின்றன. எஃப் முனையிலிருந்து டைனமோவின் ஃபீல்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது. இ என்பது எர்த். லூகாஸின் நிற வழக்கப்படி ஏ பழுப்பு, டி பழுப்பில் மஞ்சள் கோடு, எஃப் பழுப்பில் பச்சைக் கோடு, எர்த் கறுப்பு. நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யலாமா என்றால், கூடாது. நம்மூர் வண்டிகளில் ஒயரிங் ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும். மாற்றியவர் கையில் அன்றைக்கு எந்த நிறம் இருந்ததோ அதுவே சட்டம். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்து, காகிதத் துண்டில் எழுதி ஒயரிலேயே கட்டிவிட வேண்டும். இதையெல்லாம் பேட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்றிய பிறகே தொடங்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியிலிருந்து ஐந்து முனைகளின் ஒயர்களையும் கழற்றியாகிவிட்டது என்றால், சேர்ப்பது சுலபம். ஏ ஒயரும் ஏ1 ஒயர்களும் ஒன்றாகச் சேர வேண்டும். பேட்டரியிலிருந்து சுமைகளுக்குப் போகும் பாதை அது. சார்ஜ் விளக்கின் மெல்லிய ஒயர், முன்பு எஃப் முனையில் இருந்த மெல்லிய ஒயரோடு சேர வேண்டும். இப்போது விளக்கு நேராக டைனமோ இருந்த இடத்துக்கே வந்துவிட்டது, புதிதாக ஒயர் இழுக்கத் தேவையில்லை. டைனமோவிலிருந்து வந்த பழைய தடித்த டி ஒயரை இரண்டு முனையிலும் ஸ்லீவ் போட்டு மூடி ஒதுக்கிவிடலாம். இ முனையின் கறுப்பு ஒயருக்கும் இனி வேலையில்லை. ஆர்.பி.340 வகைப் பெட்டி உள்ள வண்டிகளில் முனைகளின் பெயர் பி, டி, எஃப், டபிள்யூ.எல். என்று இருக்கும், அங்கே பி ஒயர்கள் தங்களுக்குள் சேரும், எஃப் ஒயரும் டபிள்யூ.எல். ஒயரும் சேரும். தத்துவம் ஒன்றேதான்.

பெட்டி பார்வைக்கு அதன் இடத்திலேயே இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் உள்ளே இருக்கும் காயில்களின் இணைப்பை முழுக்க வெட்டிவிட்டு, முனைகளை மட்டும் ஜங்ஷனாகப் பயன்படுத்தலாம். வெளித்தோற்றம் அசலாகவே இருக்கும். ஆனால் காயிலை வெட்டாமல் வெளியே ஒயரை மட்டும் மாற்றினால், ரெகுலேட்டர் காயில்கள் இரவு பகலாக பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

பழைய டி ஒயரை ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் கணக்கு. பல இடங்களில் அதையே ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் எனும் அவுட்புட் முனைக்கு மாட்டி, கன்ட்ரோல் பாக்ஸ் இடத்தில் ஏ ஒயரோடு முடிந்துவிடுகிறார்கள். வேலை செய்யும், பகலில். டைனமோ காலத்து ஒயரின் செம்புக் குறுக்களவு மூன்று சதுர மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 22 ஆம்பியருக்கு அளவெடுத்துத் தைத்தது அது. அதில் ஒரு மீட்டருக்கு ஐந்தரை மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ். ஆல்டர்னேட்டரிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து பேட்டரிக்கும் சேர்த்து மூன்று மீட்டர் என்று வைத்தால் 36 ஆம்பியரில் 0.6 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 21 வாட் சூடு ஒயருக்குள்ளேயே தங்குகிறது, பிரேக் லைட் பல்பு ஒன்றை ஒயர்க் கட்டுக்குள் சுருட்டி வைத்த மாதிரி. அதுவும் ஒயர் புதிதாக இருந்தால். உறையைச் சீவிப் பார்த்தால் பழைய ஒயரின் செம்பு இழைகள் கறுத்துப்போய், சால்டர் ஒட்டாத நிலையில் இருக்கும். பாதி இழைகள் டெர்மினல் கழுத்தில் ஒடிந்திருக்கும். மிச்சமிருக்கும் இழைகளில்தான் அந்த 36 ஆம்பியரும் போக வேண்டும்.

ஆகவே பி பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் சொலனாய்டின் பேட்டரிப் பக்க போல்ட்டுக்கு நேராகப் புதிய ஒயர் ஒன்று. 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் குறைந்தபட்சம். 45 ஆம்பியருக்கு 8 அல்லது 10 போட்டால் பிற்பாடு கவலை இல்லை. வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைக் கம்பி ஒயர் இங்கே ஆகாது, இன்ஜின் அதிர்வில் ஒடிந்துவிடும். மெல்லிழைகள் கொண்ட ஆட்டோ ஒயர்தான் வேண்டும். இரண்டு முனையிலும் போல்ட் அளவுக்கேற்ற வளைய லக்கை கிரிம்ப் கருவியால் அழுத்தி ஸ்லீவ் போட வேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற கைப்பழக்கத்தை இந்த ஒரு ஒயரில் மட்டுமாவது விட்டுவிட வேண்டும். இன்ஜின் ஆடும்போது இழுபடாத அளவுக்கு ஒயரில் தளர்வு இருக்கட்டும். தகட்டு ஓரத்தில் உரசாமல் கிளிப் போட்டு, எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்த ஒயரில் ஒரு ஃபியூஸும் வேண்டும். பழைய பிரிட்டிஷ் ஒயரிங்கில் மெயின் லைனுக்கு ஃபியூஸ் கிடையாது. அந்தக் காலத்து நம்பிக்கை அப்படி. பி பிளஸ் ஒயரில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி வோல்டேஜ் நின்றுகொண்டிருக்கும். எங்காவது உரசி பாடியைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சொலனாய்டு முனைக்குப் பக்கத்தில், 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 60 ஆம்பியர் போல்ட் வகை ஃபியூஸ் ஒன்று போட்டால் அந்தப் பயம் தீர்ந்தது. ஒயர் அந்த ஃபியூஸைவிடப் பலமாக இருக்க வேண்டும், அதற்காகவும்தான் 10 சதுர மில்லிமீட்டர். 6 போட்ட இடத்தில் ஃபியூஸை 50 ஆம்பியராகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பியர் மீட்டர் இருக்கும் வண்டியில் ஒரு விநோதம் நடக்கும். மீட்டர் பேட்டரிக்கும் ஏ முனைக்கும் நடுவில் இருப்பதால், புதிய ஒயர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். முள் எப்போதும் டிஸ்சார்ஜ் பக்கமே சாய்ந்து நிற்கும். சார்ஜ் ஆகவில்லை என்று பதறி எலக்ட்ரீஷியனிடம் ஓடுவார்கள். மீட்டர் சொல்வது பொய்யல்ல, சுமைகள் எடுக்கும் கரண்டை மட்டும் காட்டுகிறது. அந்த முப்பது ஆம்பியர் மீட்டருக்குள் ஆல்டர்னேட்டரின் முழு வரத்தையும் செலுத்தித் திருப்திப்படுவதைவிட, அதை வெளியேற்றி அதே துளையில் ஒரு வோல்ட் மீட்டரை வைப்பது புத்திசாலித்தனம். பேட்டரியின் நிலைமையை வோல்ட் மீட்டர் ஆம்பியர் மீட்டரைவிட நன்றாகவே சொல்லும்.

மெல்லிய ஒயருக்கு வருவோம். ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்கு, ஏ.சி.ஆர். வகையில் இண்ட் என்று குறித்த சின்ன முனைக்கு, சார்ஜ் விளக்கின் ஒயர் போகிறது. அந்த விளக்கு வெறும் அறிவிப்புப் பலகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆல்டர்னேட்டரை எழுப்புவதே அதுதான். ரோட்டர் தானாகக் காந்தமாக இருப்பதில்லை, இருக்கும் மிச்சக் காந்தமும் சொற்பம். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், சிவப்பு விளக்கு, டி பிளஸ், ரோட்டர், எர்த் என்று கரண்ட் ஓடுகிறது. 2.2 வாட் பல்பு என்றால் 0.18 ஆம்பியர், ரோட்டரை எழுப்ப அது போதும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மூன்று சிறு டயோடுகள் வழியாக ஆல்டர்னேட்டர் தன் ரோட்டருக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கொள்கிறது. டி பிளஸ் முனையும் 14 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. விளக்கின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ், எனவே அணைந்துவிடுகிறது.

இதிலிருந்து பழைய வண்டிக்காரர்களைச் சுற்றலில் விடும் மூன்று கோளாறுகள் விளங்கும். பல்பு ஃபியூஸ் போன வண்டியில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாது, அல்லது ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்த பிறகே தொடங்கும். நல்ல ஆல்டர்னேட்டரைப் பிரித்து மேய்ந்துவிட்டுக் கடைசியில் பல்பைக் கண்டுபிடிப்பார்கள். பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்ட வண்டியிலும் இதே கதை, சில மில்லி ஆம்பியரில் ரோட்டர் விழிக்காது. எல்.இ.டி.யே வேண்டும் என்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் 2.2 வாட் பல்புக்குச் சமமாகிவிடும். மூன்றாவது, விளக்கையே தூக்கிவிட்டு இக்னிஷன் ஒயரை நேராக டி பிளஸில் மாட்டுவது. அப்படிச் செய்த வண்டியில் சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது! டி பிளஸ் முனையிலிருந்து கரண்ட் பின்னோக்கி வந்து இக்னிஷன் காயிலுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் பல்பு இருந்தால் அந்த அளவு கரண்ட் திரும்பி வர முடியாது.

மாருதி வண்டிகளில் வந்த டென்சோ போன்ற ஜப்பானிய வகை ஆல்டர்னேட்டரை மாட்டினால் முனைகள் வேறு. பி தடித்த ஒயருக்கு. எல் சார்ஜ் விளக்குக்கு. ஐ.ஜி. முனைக்கு இக்னிஷன் சுவிட்சிலிருந்து, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒயர் ஒன்று தனியாக வேண்டும். எல் முனைக்கு விளக்கு இல்லாமல் நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் போய்விடும். எஸ் என்று நான்காவது முனை இருந்தால் அது பேட்டரி வோல்டேஜை உணர்வதற்கு. சொலனாய்டின் பேட்டரிப் பக்கத்திலிருந்து சிறு ஃபியூஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். டபிள்யூ என்ற முனை டீசல் வண்டிகளின் ஆர்.பி.எம். மீட்டருக்கானது, பெட்ரோல் அம்பாசடரில் அதைச் சும்மா விடலாம்.

மூன்றாவது ஒயர், எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு மின்தொடர்பு தருவது பின்னல் பட்டையாக இருக்கும் ஒரே ஓர் எர்த் ஸ்ட்ராப். அது அறுந்த வண்டியில் செல்ஃப் அடித்தால் கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடேறி உறை உருகுவதை வைத்தே அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆல்டர்னேட்டரின் நெகட்டிவ் அதன் உடம்புதான். புதிதாகப் பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் மாட்டினால் பெயின்ட்டே இன்சுலேஷன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பாடிக்கு பி பிளஸ் ஒயரின் அதே பருமனில் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டால் பாதித் தலைவலி அங்கேயே ஒழிந்தது.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் கட்டை. பின் காதுக்கு ஸ்பேசர் புஷ் தேவைப்படும். கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேர்க்கட்டை வைத்துப் பார்க்க வேண்டும். டைனமோவின் பெரிய புல்லியை எடுத்து ஆல்டர்னேட்டரில் போட்டால் செலவு செய்ததே வீண், ஐடிலில் மறுபடியும் சார்ஜ் இருக்காது. பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் சரி.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு சோதனை. சாவியைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அப்போது ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரின் பின் பேரிங் மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாகப் பிடித்து இழுக்கும். இழுத்தால் விளக்கு, ஒயர், பிரஷ், ரோட்டர் வரை கரண்ட் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இழுக்காவிட்டால் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

ஸ்டார்ட் ஆனதும் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தது, இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த லைட்டுகள் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முள்ளை பி பிளஸ் முனையிலும் மறு முள்ளை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால், ஒயர் தின்னும் வோல்டேஜ் நேரடியாகத் தெரியும், 0.3க்குள் இருந்தால் நல்லது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2க்குள். இந்த இரண்டு அளவுகளையும் பார்க்காமல் வண்டியை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

விளக்கு முழுக்க அணையாமல் மங்கலாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் கெட்டுப்போகவில்லை. இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த காண்டாக்டில் அரை வோல்ட் விழுகிறது. விளக்கின் இரு பக்கமும் சமமாகவில்லை, அதனால் மினுங்குகிறது. சுவிட்சையும் அதன் கனெக்டர்களையும் சுத்தம் செய்தும் போகாவிட்டால் அப்போது டயோடைச் சந்தேகிக்கலாம். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி, ஓடாத வண்டியில் இரவோடு இரவாக இறங்கும் பேட்டரி இரண்டும் போன டயோடின் அடையாளம்.

டைனமோ காலத்துக் கைப்பழக்கங்களில் சிலவற்றைக் கட்டாயம் கைவிட வேண்டும். அவுட்புட் ஒயரைப் பாடியில் உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் வித்தை டைனமோவில் செல்லும்; ஆல்டர்னேட்டரில் ஒரே உரசலில் டயோடு காலி. ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றி "இன்ஜின் நிற்கவில்லை, சார்ஜ் ஆகிறது" என்று காட்டுவதும் அப்படித்தான். பேட்டரி என்ற மெத்தை இல்லாமல் வோல்டேஜ் திடீரென்று துள்ளும். ரெகுலேட்டரும் டயோடும் அதில் அடிபடும். பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயர்களையும் கழற்ற வேண்டும். முழுக்க இறங்கிப்போன பேட்டரியை ஆல்டர்னேட்டரை நம்பி ஏற்றாமல் சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்ட வேண்டும். மணிக்கணக்கில் முழுக் கரண்ட் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் வெந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு தாளில் எந்த ஒயர் எங்கே சேர்ந்திருக்கிறது, ஃபியூஸ் எங்கே, எர்த் எந்தப் பக்கம் என்று படம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துவிடுங்கள். கன்ட்ரோல் பாக்ஸை இடத்திலேயே விட்டிருந்தால் அதன் மூடியில் "உள்ளே வெறும் ஜங்ஷன், நெகட்டிவ் எர்த்" என்று பெயின்ட்டால் எழுதிவையுங்கள். அடுத்து அந்த பானட்டைத் திறக்கும் எலக்ட்ரீஷியன் அதை டைனமோ வண்டி என்று நினைத்துத்தான் கையை வைப்பார்.